மாமாவின் எதிரே என் தட்டு

சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் பாதியில் கையை எடுத்துவிட்டு "போதும்" என்கிறார். வயிறு நிறைந்து சொல்கிறாரா, வேறு எதற்காகவோ சொல்கிறாரா? பக்கத்தில் நின்று பரிமாறுகிறவள் அதை எப்படித் தெரிந்துகொள்வது? என் மகள் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். அவள் இப்போது பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. குழந்தைக்குப் போதுமென்றால் முகத்தைத் திருப்பும், துப்பும், கிண்ணத்தைத் தட்டிவிடும். பெரியவர்கள் மரியாதையாகச் சொல்கிறார்கள். நாமும் மரியாதையாகத் தட்டை எடுத்துவிடுகிறோம்.

செட்டியார்பட்டியிலிருந்து இராஜபாளையத்துக்கு நான் கல்யாணமாகி வந்தபோது வீட்டில் இரண்டே பேர், என் கணவரும் மாமாவும். மாமா என்பது என் மாமனார். மாமியார் அதற்கு முன்பே தவறிவிட்டார்கள். மாமா நூல் மில்லில் ஷிப்ட் மேஸ்திரியாக இருந்தவர். வலது கை நடுங்க ஆரம்பித்து, நடையும் சின்னச் சின்ன அடிகளாகக் குறுகிப் போனதால், ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டார். தெருவில் அதை நடுக்குவாதம் என்றார்கள். மதுரையில் டாக்டர் பார்க்கின்சன் என்றார். முழுவதும் குணமாகாது, ஆனால் மாத்திரையாலும் சாப்பாட்டாலும் நன்றாகவே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மாத்திரை டாக்டரின் பொறுப்பு, சாப்பாடு என் பொறுப்பு என்று நானே பிரித்துக்கொண்டேன்.

பிளஸ் டூவில் நான் மனையியல் படித்தவள். சரிவிகித உணவு என்று கேட்டால் படம் போட்டு பாகம் குறித்துவிடுவேன். அந்தத் தைரியத்தில் காலையில் பால், பத்து மணிக்கு முட்டை, மதியம் கெட்டிப் பருப்பு, மறுபடி பால் என்று மாமாவுக்குக் கொடுத்தேன். கடுமையான மாத்திரை, வயிற்றைப் புண்ணாக்கிவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. அதனால் மாத்திரையையும் ஒரு டம்ளர் கெட்டிப் பாலோடுதான் கொடுத்தேன். மாமா மறுக்கவே மாட்டார். கொடுத்ததைக் குடித்துவிட்டு, மாத்திரை வேலை செய்கிறதா என்று கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் கை அடங்கும், பல நாள் அடங்காது.

அடுத்த தடவை மதுரைக்குப் போனபோது டாக்டர் கேட்டார், "மாத்திரைய எதோட குடுக்கிறீங்க?"

பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பால், பருப்பு, முட்டை, கறி இவற்றில் இருக்கும் புரதம் இந்த மாத்திரையோடு சேர்ந்து போனால், சில பேருக்கு மாத்திரை உள்ளே போக இடம் கிடைக்காமல் நின்றுவிடும் என்றார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், வெறும் தண்ணீரில் மாத்திரை. பகலில் சோறு, காய், கீரை, பழம். பால், பருப்பு, முட்டை எல்லாவற்றையும் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிடுங்கள், ஆனால் நிறுத்திவிடாதீர்கள் என்றார். எல்லோருக்கும் இப்படி இல்லையாம், மாமாவுக்கு இப்படி. நீங்களும் உங்கள் வீட்டில் இருப்பவருக்கு எப்படி என்று கேட்டுக்கொண்டுதான் மாற்ற வேண்டும்.

மாற்றிக் கொடுத்த வாரத்திலேயே பகலில் கை நன்றாக அடங்கியது. சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். ஆனாலும் உடம்பு இளைப்பது நிற்கவில்லை. கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறி இறங்கியது. வேட்டியை இரண்டு சுற்று அதிகம் சுற்ற வேண்டியிருந்தது.

இராஜபாளையம் ஸ்டேஷனில் காசு போட்டால் விளக்கு மின்னி, எடையை அச்சடித்த அட்டை வந்து விழுமே, அந்த மிஷினில்தான் எடை பார்ப்போம். அட்டையின் ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். சாயங்காலம் செங்கோட்டை வண்டி வருகிற நேரமாகப் பார்த்து என் கணவர் மாமாவைக் கூட்டிப்போவார். அதற்குள் மகள் பிறந்திருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். ஒவ்வொரு தடவையும் எடை கொஞ்சம் இறங்கியிருக்கும். ஜோசியத்தில் மட்டும் நல்ல காலம் பிறந்துகொண்டே இருக்கும்.

"எடை எறங்குது, யோகம் மட்டும் ஏறிக்கிட்டே போகுது," என்பார் மாமா. குரல் மெலிந்து போயிருந்ததால் குனிந்துதான் கேட்க வேண்டும். முகமும் இறுகியிருக்கும். அவர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்பது வார்த்தையைக் கேட்டால்தான் தெரியும்.

டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "இப்படியே எறங்குனா மாத்திரைய கூட்டிப் பிரயோஜனம் இல்ல. நடக்கத் தெம்பு வேணும்ல? படுக்கையில விழுந்துட்டா எழுப்புறது சிரமம்." அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலைதான். மாமா படுத்துவிடக் கூடாது.

சோற்றைக் குழைய வடித்தேன். நெய் விட்டேன், தேங்காய் அரைத்து ஊற்றினேன், கேப்பைக் கூழைக் கட்டியில்லாமல் காய்ச்சினேன், வாழைப்பழத்தை மசித்து ஏலக்காய் போட்டேன். எதைக் கொடுத்தாலும் பாதிதான். தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே கையை எடுத்து, "போதும் தாயி," என்பார்.

"இன்னும் ரெண்டு வாய் மாமா."

"எறங்கல. வையி."

நான் எப்படிப் பரிமாறினேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம், மாமனார் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மருமகள் உட்கார வேண்டும். இதை யாரும் எனக்குத் தனியாகப் பாடம் எடுக்கவில்லை. என் அம்மா அப்படித்தான் சாப்பிட்டாள், சித்தி அப்படித்தான் சாப்பிட்டாள், நானும் அப்படியே. என் கணவர் பேண்டேஜ் துணி போடும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மதியத்துக்குத் தூக்குவாளி கொண்டுபோய்விடுவார். ஆகவே மதியம் வீட்டில் மாமா, நான், குழந்தை மூன்று பேர்தான். மாமாவைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுக்களை நிலைப்படியில் நிற்பேன். ரசம் கேட்டால் உடனே ஊற்ற வேண்டுமே.

அவருடைய கை தட்டிலிருந்து வாய்க்குப் போய்ச் சேரும் வழியில் பாதிச் சோறு உதிரும். மென்று விழுங்க நேரமாகும். சாப்பாடு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே போகும். பால் கொடுக்கிறவளின் பசி எப்படி என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். வயிறு மட்டும் பசிக்காது, கண்ணும் காலும்கூடப் பசிக்கும். நான் இந்தக் காலில் கொஞ்சம், அந்தக் காலில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி நின்றுகொண்டிருப்பேன். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதினி வருவார்கள். என் கணவரின் அக்கா, மாமாவுக்கு ஒரே மகள். டவுன் பஸ்ஸில் இறங்கி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும்.

"ஏட்டி, எங்கப்பாவ என்ன கொடிக்கயித்துல காயப் போட்டு வச்சிருக்கியா? வர வரத் துணி மாதிரி ஆயிட்டாக."

"எல்லாந்தான் செஞ்சு குடுக்கேன் மதினி. பாதியிலயே போதும்னு சொல்லிருதாக."

"நல்லா ஆக்குனா ஏன் போதும்னு சொல்லப் போறாக? புஸ்தகத்தப் பாத்து ஆக்குனா அப்படித்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். நானும் சிரிப்பேன். பிறகு அன்று முழுவதும் குழம்பை நாக்கில் விட்டு விட்டுப் பார்ப்பேன். புளி அதிகமோ? நெய் திகட்டுகிறதோ? என் கைப்பக்குவம்தான் பிடிக்கவில்லையோ?

அந்தச் சமயம் பார்த்துக் குழந்தைக்குத் தட்டம்மை போட்டது. வாசலில் வேப்பிலை சொருகினோம். அம்மை இருக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது. வாசமே இல்லாத சாப்பாட்டில் மாமா இன்னும் இளைத்துவிடுவார் என்று மதினி வந்து தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாத்திரை வேளையையும், பாலும் பருப்பும் ராத்திரிக்குத்தான் என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன். "எல்லாந் தெரியும், பிள்ளையப் பாரு," என்றார்கள் மதினி.

குழந்தைக்கு அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றி, வீட்டைக் கழுவிவிட்டு, நான் குழந்தையோடு மாமாவை அழைத்துவர ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். ரத வீதிக்குப் பின்னால் மதினி வீடு. மாமா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எனக்குப் புரிந்தது. கன்னத்தில் சதை வந்திருந்தது. கைக்கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. சந்தோஷம்தான். கூடவே பொறாமையும் வந்தது. இத்தனை மாதம் நெய்யும் தேங்காயும் ஊற்றி நான் செய்ய முடியாததை, மதினி சில வாரங்களில் செய்துவிட்டார்கள்.

"எப்படி எங்க வீட்டுச் சாப்பாடு?" என்றார்கள் மதினி.

"நல்லா தேறிட்டாக மதினி. என்ன செஞ்சு போட்டீய? எனக்கும் சொல்லுங்க."

"என்ன செய்யப் போறேன், நாங்க திங்கிறதுதான்."

மதினி சொன்னதை நம்பாமல், அடுக்களைக்குள் போய் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்தேன். தண்ணீரான புளிக்குழம்பு. உருளைக்கிழங்கு, அதுவும் ஒரு பக்கம் தீய்ந்தது. சோறு விறைப்பாக இருந்தது. மதினியைக் குறை சொல்லவில்லை, அவர்களே சொல்வார்கள், தனக்குச் சமையலில் பொறுமை கிடையாது என்று. எனக்குக் குழப்பம் கூடிவிட்டது. இதையா மாமா சாப்பிட்டுத் தேறினார்?

மதியம் மாமாவுக்கு வைத்துவிட்டு, மதினியும் தனக்கு ஒரு தட்டில் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரே சட்டென்று உட்கார்ந்தார்கள். மதினிக்குச் சர்க்கரை உண்டு, நேரம் தவறினால் மயக்கம் வரும், யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். இருவரும் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். பேச்சு என்ன பேச்சு, சண்டைதான்.

"ஒனக்குக் கெழங்கு வதக்கவே தெரியல," என்றார் மாமா.

"தீஞ்சதத் தின்னா ஆத்துல காசு கெடைக்கும்னு நீங்கதானப்பா எங்களச் சின்னதுல ஏமாத்துனீய? இப்ப நீங்க தின்னுங்க."

மாமாவுக்குச் சிரிப்பு மெதுவாக வந்து சேர்ந்தது. மதினி முதலில் முடித்துவிட்டார்கள். ஆனால் எழுந்திருக்கவில்லை. காய்ந்த கையோடு உட்கார்ந்து எதிர்வீட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் தட்டு காலியானது.

"கொஞ்சம் சோறு போடு," என்றார் மாமா.

மாமா சோறு கேட்டு நான் கேட்டதே இல்லை. என் காதை என்னால் நம்ப முடியவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் அடுக்களை நிலைப்படியில்தான் நின்றிருந்தேன். நன்றாகக் கேட்க வேண்டும் என்று ஒரு அடி முன்னால் வந்தேன். மாமா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். மதினி அப்போதுதான் தட்டில் சோற்றைக் கவிழ்த்திருந்தார்கள்.

"போதும்," என்று கையை எடுத்துவிட்டார்.

"என்னப்பா, இப்பத்தான கேட்டீய?"

"போதும்மா. அந்தப் பிள்ள நிக்குதுல்ல."

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அவ நின்னா ஒங்களுக்கென்ன? ஏட்டி, நீ ஏன் நிக்க?"

"மாமா சாப்பிடட்டும் மதினி, பொறவு நான்..."

"அங்கயும் இப்படித்தான் நிப்பியா? தெனமுமா?"

நான் தலையை ஆட்டினேன். மதினி மாமாவைப் பார்த்தார்கள். மாமா மெதுவாகத்தான் சொன்னார். நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"மில்லுல அரை மணி நேரந்தான் சாப்பாடு. மொதப் பந்தி எந்திரிச்சாத்தான் ரெண்டாம் பந்திக்கு எடம். பின்னால ஆளு பசியோட நிக்கையில முன்னால ஒக்காந்து சோத்தப் பெரட்டிக்கிட்டு இருக்கப்படாது. நானே எம்புட்டுப் பேரப் புடிச்சு எழுப்பி விட்டிருக்கேன். இது பால் குடுக்கிற பிள்ள. காலு மாத்திக் காலு மாத்தி நிக்குது. அதப் பாத்துக்கிட்டு எனக்குச் சோறு எறங்குமா?"

அவருடைய மரியாதைக்காக நான் பசியோடு நின்றேன். என் பசிக்காக அவர் பாதியில் எழுந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் தேங்காய் அரைத்துக்கொண்டே இருந்தேன்.

"நல்லா இருக்கு ரெண்டு பேரு நியாயமும்," என்றார்கள் மதினி. "ஒருத்தருக்கொருத்தர் மரியாத பண்ணி ரெண்டு ஒடம்பும் எலும்பாப் போச்சு. நான் பாட்டுக்கு இவ ஆக்குறது சரியில்லன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதேன். ஏட்டி, ஒக்காரு. ஒக்காருன்னா ஒக்காரு."

குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள். மாமாவின் எதிரே என் முதல் சாப்பாடு அது. புளிக்குழம்பு சுவையாக இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தலையை நிமிர்த்தவே இல்லை. ஆனால் மாமா அந்தச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். தட்டை வழிக்கும் சத்தத்தில் தெரிந்தது.

இராஜபாளையத்துக்குத் திரும்பியதும் எனக்கு ஒரு சுலபமான வழி தோன்றியது. முன்னாலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டால் போதுமே? உட்காரவும் வேண்டாம், மாமாவுக்கும் நிம்மதி. மறுநாள் அப்படியே சொன்னேன்.

"சாப்ட்டியா?" என்றார் மாமா.

"ஆச்சு மாமா. நீங்க மெதுவாச் சாப்பிடுங்க."

ஒரு வாய் வைத்தார். நிதானமாக விழுங்கினார். "கொழம்புக்கு உப்பு எப்படி இருந்துச்சு?"

"சரியா இருந்துச்சு மாமா."

"கொஞ்சம் வாயில வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தேன். உப்பே போடவில்லை. குழந்தை அழுத அவசரத்தில் மறந்திருக்கிறேன். மேஸ்திரி வேலை பார்த்தவரிடம் போய்ப் பொய் சொல்லியிருக்கிறேன். மாமா கையைத் தட்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு தட்டை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தேன். உப்பு டப்பாவையும் கொண்டுவந்தேன்.

என் கணவரிடம் சொன்னபோது அரைமனதாகத் தலையாட்டினார். "அப்பாவே சொன்னா சரிதான். ஆனா யாரும் வந்தா செத்த எந்திரிச்சுக்கோ."

அதையும் செய்து பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்கா ஒரு நாள் மதியம் மோர் வாங்க வந்தார்கள். வாசலில் நிழல் தெரிந்ததும் தட்டோடு எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டேன். மோரை ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் மாமாவும் கையை எடுத்துவிட்டிருந்தார். பாதித் தட்டு. பழையபடி. அடுத்த முறை அதே அக்கா வந்தபோது என் முதுகெல்லாம் வேர்த்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. "அக்கா, மோர் அடுப்புப் பக்கத்துல இருக்கு, நீங்களே ஊத்திக்கோங்க," என்றேன். அவர்கள் என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தெருவில் பேசியிருப்பார்கள். பேசியதை என் அம்மாவே செட்டியார்பட்டியில் கேட்டிருக்கிறாள். வந்து இரண்டு நாள் இருந்தாள். மதியம் நான் தட்டை எடுத்து வைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகும்போது, "நல்லாத்தான் தேறியிருக்காக," என்றாள். மாமாவைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று கேட்கவில்லை.

எதிரே உட்கார்ந்ததால் நிற்கும்போது தெரியாதவை பல தெரிந்தன. நான் வேகமாகச் சாப்பிட்டு முடித்தால் காலித் தட்டைப் பார்த்து அவரும் அவசரப்படுவார், அவசரப்பட்டால் புரை ஏறும். அதனால் மெதுவாகச் சாப்பிடப் பழகினேன். ஒரு வாய், குழந்தைக்கு ஒரு வாய், மறுபடி எனக்கு. மூன்று பேருக்கும் ஒரே குழைந்த சோறு, ஒரே மசித்த காய் என்று ஆனது. தனக்கு மட்டும் நோயாளிச் சாப்பாடு என்ற எண்ணம் மாமாவுக்கு அதில் போயிருக்கலாம். குழந்தை துப்பினால், "சமையல் சரியில்லங்குது," என்பார். தட்டு நழுவுவது எதிரே உட்கார்ந்தால்தான் கண்ணில் படுகிறது. என் கணவர் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கழிவுப் பேண்டேஜ் துணியை மடித்து, ஈரமாக்கித் தட்டின் அடியில் விரித்தேன். விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்று வாங்கினோம். சோற்றை ஓரத்தில் ஒதுக்கி எடுக்க அது தோதாக இருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து, கால் தரையில் பதிய உட்கார்ந்து, மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தி விழுங்கினால் புரை ஏறுவது குறைந்தது. நிற்கிறவளிடம் பேச அவர் தலையை அண்ணாந்துகொண்டிருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஸ்டேஷன் மிஷினில் எடை முதலில் இறங்காமல் நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. மதுரை டாக்டர் மாமாவை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று எப்படிச் சொல்வது? "மாத்திரைய நேரத்துக்குக் குடுத்தோம்," என்றேன். அதுவும் உண்மைதான். போன கோடையில் அய்யனார் கோவில் ஆற்றுக்குக் கூட்டிப்போனோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு மாமா தண்ணீர் வரை தானே நடந்தார்.

எனக்குச் சந்தேகங்கள் விட்டபாடில்லை. இப்போது அவர் முழுத் தட்டையும் முடிப்பதே எனக்காகத்தானோ, நான் பாதியில் எழுந்துவிடக் கூடாது என்றோ? சில நாள் அப்படித் தோன்றும். அப்போது என் தட்டில் கொஞ்சம் குறைவாகப் போட்டுப் பார்ப்பேன், மறுநாள் கூட்டிப் பார்ப்பேன். மாமா பார்த்துக்கொண்டே இருப்பார், சொல்ல மாட்டார்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மதினி மகளின் கல்யாணம். தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம் பிடித்திருக்கிறார்கள். மாமா இத்தனை வருடமாக எந்தக் கல்யாணத்திலும் இலை போட்டுச் சாப்பிட்டதில்லை. மொய் எழுதிவிட்டு வந்துவிடுவார். இந்தக் கல்யாணத்துக்கு மட்டும், பேத்தி கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

மண்டபத்துப் பந்தி எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாயசம் வரும் முன்பே ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர் வந்து நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாமா திரும்பிப் பார்த்தால் அந்த நிமிஷமே இலையை மூடிவிடுவார். கடைசிப் பந்தியில் உட்கார வைக்கலாம் என்றார் என் கணவர். கடைசிப் பந்தி எத்தனை மணிக்கு என்று யார் சொல்ல முடியும்? மாத்திரையை அரை மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும், பிந்தினால் அதன் வேகம் அடங்கிக் கை மறுபடி ஆட ஆரம்பித்துவிடும். மாடியறையில் தனியாக இலை போடுகிறேன் என்றார்கள் மதினி. "அப்ப எனக்கு வீட்லயே போட்ருங்க, எதுக்கு மண்டபம்?" என்றார் மாமா. அவர் கேட்பது நியாயம்தான். சாம்பார், வடை, தயிர் என்று இலை முழுக்கப் பருப்பும் பாலும்தான் இருக்கும், எதை வைக்கச் சொல்வது, எதைத் தள்ளச் சொல்வது என்பது வேறு கவலை. அவருக்கு இருபுறமும் நானும் மதினியும் உட்காரலாம். ஆனால் மதினி பெண்ணின் தாய், பந்தியில் உட்கார நேரமிருக்காது. பின்னால் வந்து நிற்பவர்களை என்ன சொல்லி அனுப்புவது? அவர் காதில் விழாமல் எப்படிச் சொல்வது?

நடுக்குவாதம் உள்ள பெரியவர்களைப் பந்தியில் உட்கார வைத்து, அவசரமில்லாமல், வயிறு நிறையச் சாப்பிட வைத்தவர்கள் உங்களில் யாராவது நிச்சயம் இருப்பீர்கள். எந்தப் பந்தி, எந்த மூலை, என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். தை பிறக்கும் முன் சொன்னால் உதவியாக இருக்கும்.